பத்திரிகை, நோட்டீஸ், ஆண்டுமலர்: தமிழில் வடிவமைக்க என் கருவிகளும் என் பிடிவாதங்களும்

சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை வடிவமைக்கும் வேலை என் தலையில்தான் விழும். காசெல்லாம் கிடையாது, ஒரு டப்பா லட்டு வரும். சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, மாப்பிள்ளை வீட்டில முகூர்த்த நேரத்தை மாத்தச் சொல்றாங்கப்பா. ஆறு டு ஏழரை வேண்டாமாம், ஒன்பது டு பத்தரையாம். ஒரு வரிதானே, மாத்திக் குடுத்துரு." ஒரு வரிதான். ஆனால் என்னிடம் இருந்தது, அச்சகத்துக்கு அனுப்புவதற்காக எழுத்தையெல்லாம் வளைகோடுகளாக மாற்றிய கோப்பு. போதாக்குறைக்கு மூலக் கோப்பின் மேலேயே அதைச் சேமித்துத் தொலைத்திருந்தேன். திரையில் பார்த்தால் தமிழ், கணினிக்கு அது கோலம். அன்றைக்கு ராத்திரி முழுப் பத்திரிகையையும் மறுபடி அடித்தேன், அந்த அவசரத்தில் பெண்ணின் தாத்தா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது. லட்டு வந்தது, கூடவே பேச்சும் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். எழுத்து கடைசி வரை எழுத்தாகவே இருக்க வேண்டும், கோடாக மாறுவது அச்சகத்துக்குப் போகும் நகலில் மட்டும்தான். கீழே சொல்லியிருக்கும் மென்பொருள்கள், அமைப்புகள், குறுக்குவழிகள் எல்லாம் இந்தப் பிடிவாதத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்பவைதான். கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டுமலர், கடைத் திறப்பு விழா அழைப்பு என்று வீட்டிலிருந்தே செய்துகொடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும்.

முதலில் தட்டச்சு

ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையிலேயே பலரும் இருக்கிறார்கள். நாலு வரி அடிக்க அது போதும். பத்துப் பக்கம் அடிக்க வேண்டியிருந்தால் தயவுசெய்து தமிழ் 99 கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். இதில் எனக்குப் பிடித்ததே புள்ளி விஷயம்தான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. 'கணக்கு' என்றால் க, ண, க, க, உ. புள்ளி வேண்டாத இடத்தில், உதாரணமாக 'கக்கன்' என்று அடிக்கும்போது முதல் க-வுக்குப் பிறகு, நடுவில் ஒரு அ தட்டிவிட்டால் போதும், இரண்டும் ஒட்டாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் தனியாக எதையும் இறக்க வேண்டாம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ். எனக்குப் பழகியது என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள், சிலருக்கு இ-கலப்பை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக வரும் தமிழ் 99. எதுவானாலும் உள்ளே போவது யூனிகோடாக, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடாக, இருந்தால் சரி, கருவியைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன்.

கையால் எழுதிக்கொடுத்த தாளை என்ன செய்வது? வாய்விட்டு வாசித்துவிடுங்கள். கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சு தமிழுக்கு உண்டு, பெயர்களில் சொதப்பும், ஆனால் ஆண்டுமலர்க் கட்டுரைகளுக்கு நேரம் நன்றாக மிச்சமாகும். அச்சிட்ட பழைய பக்கம் என்றால் தெளிவாக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறக்கச் சொன்னால் எழுத்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடும். பழைய மலர்களைப் பெரும்பாலும் இப்படித்தான் மீட்கிறேன். வரிக்கு வரி சரிபார்க்கத்தான் வேண்டும், அதில் சோம்பல்பட்டால் ஊர் சிரிக்கும்.

பழைய எழுத்துரு என்னும் பிசாசு

பத்து வருடத்துக்கு முந்தைய மலரின் கோப்பை யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார்கள். திறந்தால் கிறுக்கிவைத்த மாதிரி ஆங்கில எழுத்தாக இருக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உள்ளே எப்படி இருக்கும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துரு அந்த ஜே-க்கு 'த' என்று ஒரு முகமூடி மாட்டிவிடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடில் தமிழுக்கென்றே 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்து தனி இடம் இருக்கிறது, த என்றால் உள்ளேயும் த-தான். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடையும் கூடவே டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும்தான் தரமாக அறிவித்தது. அப்படியும் இன்றைக்கு வரை பல அச்சகங்களில் பழைய எழுத்துருவில்தான் வேலை ஓடுகிறது, பழகிய கை, மாறாது.

மாற்றிக்கொள்ள என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. மாற்றும்போது முழுக் கோப்பையும் ஒரேயடியாகத் தூக்கிப் போடாதீர்கள். நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, கடைப் பெயர் எல்லாம் சேர்ந்து தமிழாக மாறி, யாருக்கும் புரியாத ஒரு மந்திரம் கிடைக்கும். ஆங்கிலப் பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை மாற்றுங்கள். ரூபாய்க் குறி, மேற்கோள் குறி, கோடு இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், அவைதான் அதிகமாக இடம் மாறும்.

வடிவமைப்பைத் திறப்பதற்கு முன்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. நேரே வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து, ரோஜாப்பூவை ஓரத்தில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பார்கள். நான் முதலில் நோட்பேட் மாதிரி ஒன்றில் வெறும் உரையாக அடித்துவிடுவேன், அலங்காரம் எதுவும் கிடையாது. 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்குவதிலிருந்து, இரு வீட்டார் பெயர், ஊர், மண்டபம், 'சுற்றமும் நட்பும் சூழ' வரைக்கும் எல்லாம் ஒரே கோப்பில். அதை வாட்சப்பில் வெறும் செய்தியாகவே அனுப்பி, இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சரி என்று எழுத்தில் வாங்கிவிடுவேன். பூவோடு சேர்த்து அனுப்பினால் பூவைத்தான் பார்ப்பார்கள். வெறும் எழுத்தாக அனுப்பினால்தான் "தாய்மாமன் பேரு எங்க?" என்ற கேள்வி அன்றைக்கே வரும்.

இந்த நிலையில் பார்க்க வேண்டிய பிழைகள் சில உண்டு, கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இவற்றின் விசேஷமே. முதலாவது ஔகாரம். 'சௌபாக்கியவதி' என்பதில் வருவது சௌ, ஒரே எழுத்து. பலர் செ அடித்து, பக்கத்தில் ள அடித்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், உள்ளே அது 'செள'. கௌரி, மௌனம், பௌர்ணமி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படுத்தினால் வேறெங்கோ போய் உட்காரும், எழுத்துருவை மாற்றினால் ள தனியாக நின்று பல்லிளிக்கும். சரி, தேடி மாற்றிவிடலாம் என்று கன்ட்ரோல் எச் அடித்து எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஒருமுறை 'வெள' வருகிற இடத்தையெல்லாம் 'வௌ' ஆக்கி, வெள்ளிக்கிழமை பாழானது. 'கெள' என்று தேடினால் கெளுத்தி மீனும் மாட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, துணைக்காலுக்குப் பதில் ர. 'காலை' என்பதில் க-வுக்குப் பக்கத்தில் கால் போடாமல் ர அடித்தாலும் சில எழுத்துருக்களில் வித்தியாசம் மயிரிழைதான். தாளைப் படம்பிடித்து எழுத்தைப் பிரித்தெடுத்த உரையில் இது நிறைய வரும். மூன்றாவது ஸ்ரீ. பழைய வழக்கப்படி ஸ்-உடன் ரீ சேர்த்து அடிப்பது ஒரு வகை. ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது, அதை வைத்து அடிப்பது இன்னொரு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. ஒரு கோப்புக்குள் ஏதாவது ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு நன்கொடையாளர் பெயரில் பாதி ஸ்ரீதரன்கள் வரிசையில் இங்கேயும் மீதி ஸ்ரீதரன்கள் அங்கேயும் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்கே இது தெரிய வந்தது.

எழுத்துரு எடுப்பது

கூகுள் ஃபான்ட்ஸில் கிடைப்பவையே வீட்டு வேலைக்குத் தாராளம். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, தலைப்புக்கு பலூ தம்பி, கையெழுத்துச் சாயலில் கவிவனார். எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, அச்சிட்டு விற்கிற வேலைக்கும் தடையில்லை. எங்கிருந்தோ யாரோ அனுப்பிய ஜிப் கோப்பில் நூறு எழுத்துருக்கள் என்றால் நான் தொடுவதில்லை, பாதி பாமினி மாதிரிப் பழைய குறியேற்றமாக இருக்கும், உரிமமும் தெரியாது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது, நிஜமான தடித்த வடிவம் இருக்கிறதா என்பதை. நோட்டோ சான்ஸ் தமிழிலும் கேட்டமரனிலும் ஒன்பது கனம், முக்தா மலரில் ஏழு, ஹிந்த் மதுரையில் ஐந்து. தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவில் நீங்கள் 'போல்ட்' அழுத்தினால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எழுத்தைச் சுற்றி மை பூசிவிடும். ஆங்கிலத்தில் அது அவ்வளவு தெரியாது. நமக்கு ண, ஞ, ஜ எல்லாம் சுழிக்குள் சுழி. சிறிய அளவில் அச்சானால் சுழி அடைத்து, கறுப்புப் பொட்டாக நிற்கும். சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: 'ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டுறவு மண்டபம்' என்று அடித்து 9 புள்ளி அளவில் சாதாரண வீட்டுப் பிரின்டரில் எடுத்துப் பார்ப்பேன். ஞா, ற்று, கூ, ண் நாலும் பிழைத்தால் எழுத்துரு தேறியது.

வரி இடைவெளியும் அப்படித்தான். நமக்கு மேலே கி, கீ கொம்பு நீட்டும், கீழே மூ, ழு தொங்கும். ஆங்கிலத்துக்கென்று வைத்த 1.0, 1.15 எல்லாம் தமிழுக்கு மூச்சு முட்டும், நான் 1.35-க்குக் குறைவாக வைப்பதில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி கூட்டி அழகு பார்ப்பதை விட்டுவிடுங்கள், கொ-வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

தாத்தாக்கள் சிலர் "லை-க்குப் பழைய தும்பிக்கை போடு" என்பார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் இருந்த வடிவம் அது. யூனிகோடில் பழைய லை, புதிய லை என்று இரண்டு கிடையாது, வடிவத்தை முடிவு செய்வது எழுத்துருதான். ஆக, அடித்த உரையைத் தொடாமல் பழைய வடிவம் கொண்ட எழுத்துருவைத் தேடி மாட்டினால் தாத்தாவுக்குத் தும்பிக்கை கிடைத்துவிடும். எழுத்தைக் கோடாக மாற்றி, பென்சில் கருவியால் தும்பிக்கை வரைந்தவரை எனக்குத் தெரியும். அவர் நான்தான்.

லிப்ரெ ஆபீஸ்

ஆண்டுமலர் போல உரை அதிகமுள்ள எதற்கும் முதல் வீடு இந்த இலவச அலுவலக மென்பொருள்தான். தமிழ் அடிக்கிறவர்கள் இதில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எழுத்துருவை மாற்றுகிறேன், மாறவே மாட்டேன் என்கிறது என்பார்கள். காரணம், லிப்ரெ ஆபீஸ் ஒரே பத்திக்கு மேலை எழுத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் மாதிரிச் சிக்கலான எழுத்துக்கு வேறோர் எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்யுங்கள். அதன்பின் ஃபார்மேட், கேரக்டர் திறந்தால் தமிழுக்கென்று தனிப்பகுதி தெரியும், எழுத்துருவும் அளவும் அங்கே வையுங்கள். ஆங்கிலத்துக்கு 11, தமிழுக்கு 10 என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து வரும் வரிகள் எனக்குக் கண்ணுக்குச் சமமாகத் தெரிகின்றன. வேர்டிலும் கன்ட்ரோல் டி அழுத்தினால் இதே போல 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனியாக இருக்கும்.

அடுத்தது ஸ்டைல்கள். தலைப்பு ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடித்து, நிறம் மாற்றி என்று நாற்பது கட்டுரைக்கும் செய்தால் விரல் தேயும், தலைமையாசிரியர் "நீலம் வேண்டாம் சார், மெரூன் போடுங்க" என்றால் அழுகையே வரும். எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பலகை திறக்கும். கட்டுரைத் தலைப்பு, மாணவர் பெயர், உள்ளுரை, கவிதை என்று நாலு ஸ்டைல் போதும், மெரூன் ஒரே இடத்தில் மாறும். நம் சொற்கள் நீளம் என்பதால் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டவிடுங்கள், அல்லது நீளமான சொல்லின் நடுவில் கர்சரை வைத்துக் கன்ட்ரோலுடன் இணைப்புக்கோட்டை அழுத்துங்கள், தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும்.

இதில் நான் பெரிய விசிறியாக இருப்பது ஹைப்ரிட் பிடிஎஃப்புக்கு. பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் பிடிஎஃப்புக்குள்ளேயே மூலக் கோப்பும் ஒளிந்துகொள்ளும். மற்றவர்களுக்குச் சாதாரண பிடிஎஃப், லிப்ரெ ஆபீஸில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணம். மூலத்தைத் தொலைக்கிற என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ யோசித்திருக்கிறார்கள். சாதாரணப் பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி வரும், ஏனென்றால் பிடிஎஃப் பார்ப்பது எழுத்தின் உருவத்தை, வரிசையை அல்ல.

படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் புகைப்படத்தை மட்டும் தொடுவேன். வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது, பின்னணியில் நிற்கும் பிளாஸ்டிக் வாளியை அழிப்பது. அதிலேயே பத்திரிகை வாசகத்தை அடிக்க வேண்டாம், ஏற்றுமதி செய்த நொடியில் எழுத்தெல்லாம் புள்ளிகளாகிவிடும். 'சேவ்' என்றால் திருத்தக்கூடிய எக்ஸ்சிஎஃப் கோப்பு, 'எக்ஸ்போர்ட்' என்றால் ஜேபெக் படம் என்று ஜிம்ப் கறாராகப் பிரிப்பது புதிதாக வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தக் கறார்தான் பிடித்திருக்கிறது, அன்றைக்கு இது இருந்திருந்தால் சித்தப்பா கதை நடந்திருக்காது. ஒலிப்பதிவுக்கான ஆடாசிட்டியிலும் இதே ஏற்பாடுதான், ஆட்டோவில் கட்டும் மைக்குக்காக அறிவிப்பு பதிந்தால் எம்பி3-யோடு நிறுத்தாமல் புராஜெக்ட் கோப்பையும் வைத்திருங்கள், தேதி மாறும்.

புகைப்படம் கேட்கும்போது வாட்சப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். 1600 பிக்சல் அகலமுள்ள படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 5.3 அங்குலம்தான் வரும், அதற்கு மேல் இழுத்தால் மணப்பெண் முகத்தில் சதுரம் தெரியும். இன்னொரு பக்கம், ஃபிளெக்ஸுக்கும் 300 டிபிஐ வேண்டுமென்று சிலர் அடம்பிடிப்பார்கள். 10 அடிக்கு 6 அடி பேனரை 300-இல் செய்தால் 36,000 பெருக்கல் 21,600, அதாவது 77 கோடிப் பிக்சலுக்கு மேல், கணினி படுத்துவிடும். 72-இல் செய்தால் நாலரைக் கோடிக்குள் முடிந்துவிடும், சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தாராளம்.

எழுத்தும் அலங்காரமும் சேரும் ஒற்றைப் பக்க வேலைக்கு இங்க்ஸ்கேப் என்ற கோட்டோவிய மென்பொருள். தோரணம், மயில், குத்துவிளக்கு எல்லாம் கோடுகளாகவே இருப்பதால் அஞ்சலட்டை அளவில் செய்ததையே பேனருக்கும் இழுக்கலாம். இங்கேதான் என் பிடிவாதத்துக்கு ஏற்ற வசதி இருக்கிறது. பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது வரும் பெட்டியில் 'கன்வெர்ட் டெக்ஸ்ட் டு பாத்ஸ்' என்ற தேர்வு உண்டு. அதை எடுத்தால் பிடிஎஃப்பில் மட்டும் எழுத்து கோடாகும், உங்கள் மூலமான எஸ்விஜி கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி சேர்த்து அழுத்தி மூலத்திலேயே கோடாக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பல பக்கம், அச்சு நிறம் என்று வந்தால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உருப்படாது, 2024 தொடக்கத்தில் வந்த 1.6 நிலையான பதிப்பில் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காருகின்றன. பார்க்க அழகாக இருக்காது, பொத்தான்கள் எல்லாம் அரசு அலுவலக மேசை மாதிரி, ஆனால் சிஎம்ஒய்கே-யை, அதாவது அச்சின் நாலு மை நிறங்களை, ஒழுங்காகக் கையாளும். கறுப்பு எழுத்துக்கு அதில் 'பிளாக்' மட்டும் 100 என்று இருப்பதை எடுங்கள். திரைக் கறுப்பை அப்படியே மாற்றினால் நாலு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடும், அச்சுத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிறிய எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் பிசிறும். திரையில் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை தாளில் மங்கும் என்பதையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபோட்டோஷாப்பும் இன்டிசைனும் இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. 'கொ' அடித்தால் க முன்னே போய், கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் உரை இயந்திரத்தை மாற்ற வேண்டும், புதிய பதிப்பில் 'வேர்ல்ட்-ரெடி', பழையதில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்'. ஏற்கெனவே அடித்த லேயரில் மாறாவிட்டால் புது லேயரில் ஒட்டிப் பாருங்கள். இன்டிசைனில் பத்திப் பலகையின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்'. கேன்வாவைப் பற்றிக் கேட்டால், வாட்சப் வாழ்த்துக்கு அதைவிட வேகமானது எனக்குத் தெரியாது. ஆனால் உரையின் மூலம் என் கணினியில் நோட்பேடில் இருக்கும், அங்கே ஒட்டுவது நகல்தான்.

சின்னச் சின்னது

விண்டோஸ் விசையுடன் வி அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 விஷயங்கள் பட்டியலாக வரும், முதல்முறை அதை இயக்கிவிட வேண்டும். பெயர், ஊர், பட்டம் என்று மாற்றி மாற்றி ஒட்டும் வேலைக்கு இது இரண்டாவது கை. வேறிடத்திலிருந்து ஒட்டும்போது கன்ட்ரோல் ஷிஃப்ட் வி, பழைய நிறமும் அளவும் கூடவே வராது. கோப்பைத் தேட 'எவ்ரிதிங்' என்ற சின்ன மென்பொருள், பெயரில் பாதி அடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் ஓகே புதுசு என்றெல்லாம் வைக்காமல் 2025-09-04 மாதிரி வருடம் முன்னால் வரும் தேதியைப் போடுங்கள், தானாக வரிசையாகும்.

ஒரு வேலை முடிந்ததும் என் கோப்புறையில் நாலு விஷயம் இருக்கும்: நோட்பேட் உரை, எழுத்துள்ள மூலம், பயன்படுத்திய எழுத்துருக்கள், கோடாக்கிய பிடிஎஃப். அச்சகத்துக்குப் போவது கடைசி ஒன்று மட்டும். அங்கே "நாங்களே சின்னத் திருத்தம் பண்ணிக்கிறோம்" என்றால் நான் விடுவதில்லை. ஒரு இடத்தில் அப்படி விட்டதற்கு, அவர்கள் வேறு எழுத்துருவில் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி அடித்து, கௌரியை 'கெளரி' ஆக்கி ஐந்நூறு பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்.

அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பை வீட்டுப் பிரின்டரில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பென்சிலோடு கடைசி வரியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவேன். பெயருக்கு ஒரு டிக், தேதிக்கு ஒரு டிக், கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று சுவர்க் காலண்டரில் ஒரு டிக். பிறகு அதே தாளை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மா வாசகத்தைப் படிக்க மாட்டார், உறவுமுறையைத்தான் படிப்பார். "அத்தை பேருக்கு முன்னால மாமா பேரு வரணும்டா" என்று போன மாதம்கூட ஒன்று பிடித்தார். இந்த முறை எஸ்விஜியைத் திறந்து இரண்டு வரியை மேல் கீழாக மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.